பக்கிரிசாமிக்கு ஒரு குறையும் இல்லை

பக்கிரிசாமி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வானமே இடிந்து விழுந்தாலும் சரி, தன்னுடைய மூத்திரப்பையைப் பற்றி ஒருத்தரிடமும் வாய் திறப்பதில்லை.

இந்த மகத்தான முடிவை அவர் எடுத்த இடம் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் பசார் என்கிற சந்தைக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறை. முடிவெடுக்க வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். மனிதர் கொஞ்ச காலமாகப் பாதி நாள் அங்கேதான் குடியிருக்கிறார். வீட்டிலிருந்து பசாருக்கு வந்ததும் ஒரு தடவை. மீன் வாங்கியதும் ஒரு தடவை. மீன்காரன் அதை வெட்டிக் கழுவ ஆரம்பித்தானோ இல்லையோ, இன்னொரு தடவை. ஜார்ஜ் டவுனில் எந்தக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது, எந்தப் பேரங்காடியில் எந்த மாடியில் இருக்கிறது, எந்த பெட்ரோல் நிலையத்தில் சாவி கேட்காமலே கதவு திறக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

வந்தால் நிற்காது, அதுதான் சங்கடம். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். பக்கத்தில் யாராவது குழாயைத் திறப்பார்கள். அவ்வளவுதான், முகம் மாறும், கால் பின்னும். "இதோ வந்துர்றேன்" என்று எழுந்து ஓடுவார். அப்படி ஓடியும் ஒன்றிரண்டு தடவை போய்ச் சேர்வதற்குள்... சரி, அதை விடுங்கள். பாவம், மானஸ்தர்.

டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டியதுதானே? போகலாம். ஆனால் கரண்டி இருக்கிறதே!

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் வரிசையாகத் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள் அல்லவா, அதில் ஒன்று பக்கிரிசாமியின் மாமனார் ஆரம்பித்தது. மாமனார் கண்ணை மூடிய வருஷத்திலிருந்து முன்வரிசையில் நின்று, நீளக் கரண்டியால் ரோஸ் சிராப் என்கிற சர்பத்தை ஊற்றிக் கொடுப்பவர் நம் பக்கிரிசாமி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது எங்கே போனது என்று அவருக்கே தெரியாது. கரண்டியை மட்டும் துடைத்து, துணி சுற்றி, சாமி மேடைக்குக் கீழே வைத்திருக்கிறார். காவடி எடுத்து வெயிலில் வருகிறவனுக்கு அவர் கையால் ஒரு குவளை கொடுத்து, அவன் குடித்து முடித்து ஒரு பார்வை பார்ப்பான் பாருங்கள், அந்தப் பார்வைக்காகத்தான் அவர் வருஷம் முழுக்கக் காத்திருப்பார்.

போன வருஷம் அந்தக் கரண்டிக்கு ஆபத்து வந்தது. கூட்டம் நெரிகிற நேரம். பின்னால் நின்ற பையன்கள் தொட்டியில் தண்ணீரைச் சளசளவென்று ஊற்றினார்கள். பக்கிரிசாமி கரண்டியைச் சிராப் பானைக்குள்ளேயே போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார். திரும்பி வந்தபோது மச்சினன் சுகுமாரன் கரண்டியோடு நின்றான்.

"மாமா, நீங்க போய் உக்காருங்க. நாங்க பாத்துக்கறோம்."

உட்கார ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில். அன்று முழுக்க அதில் உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் "உடம்பு சரியில்லையா அண்ணே?" என்று கேட்டார்கள். அந்த நாற்காலியை இன்றைக்கும் அவர் மறக்கவில்லை.

இந்த வருஷம் தைப்பூசத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது சுகுமாரன் வீட்டுக்கு வந்தான். தேநீரை உறிஞ்சிவிட்டு, அக்காள் ருக்குமணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமினான்.

"மாமா, இந்த வருஷம் பந்தல்ல முன்னால நிக்கிறவங்க எல்லாம் டாக்டர்கிட்ட ஒரு பேப்பர் வாங்கிட்டு வரணும். கமிட்டி முடிவு."

"என்ன பேப்பர்?"

"உடம்பு நல்லாருக்குன்னுதான். வெயில்ல நிக்கிறோம்லா."

"எனக்கு என்னடா குறைச்சல்?"

"எனக்குத் தெரியும் மாமா. கமிட்டிக்குத் தெரியாதே."

ருக்குமணி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "பேப்பர்தானே கேக்குறாங்க, வாங்கிக் குடுத்துட்டா போச்சு" என்று பயற்றங்காயிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

பக்கிரிசாமி யோசித்தார். டாக்டரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா? எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

டாக்டர் பிரேமா சின்ன வயசுக்காரர். சிரித்த முகம். "சொல்லுங்க அங்கிள், என்ன பிரச்சினை?" என்றார்.

"ஒண்ணுமில்ல டாக்டர். பேப்பர் வாங்க வந்தோம்."

"அரை மணிக்கு ஒரு தடவ ஓடுறாரு டாக்டர்" என்றாள் ருக்குமணி.

"சும்மா சொல்றா."

"போன வாரம் கல்யாண வீட்ல தாலி கட்டுற நேரத்துல ஆளக் காணோம்."

"ஃபோன் வந்துச்சு."

"ஃபோன் என் ஹேண்ட்பேக்ல இருந்துச்சு."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சர்க்கரை பார்த்தார், ஸ்கேன் பார்த்தார், வேறு என்னென்னவோ பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசியில், "ஒருத்தர் இருக்குன்னு சொல்றீங்க, ஒருத்தர் இல்லன்னு சொல்றீங்க. சிறுநீர்ப்பை எப்படி வேலை செய்யுதுன்னு பாக்க ஒரு டெஸ்ட் இருக்கு. செஞ்சு பாக்கலாமா?" என்றார்.

"மெஷினா?" என்றார் பக்கிரிசாமி.

"ஆமா அங்கிள். கோடு கோடா கிராப் வரும்."

மெஷின் என்றதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. ஆயுசெல்லாம் தொழிற்சாலையில் மெஷின்களை மேய்த்தவர். மெஷினை எப்படி ஏமாற்றுவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "செய்யலாம் டாக்டர். மெஷினே சொல்லட்டும்!" என்று ருக்குமணியைப் பார்த்து மீசையைத் தடவினார்.

அந்த டெஸ்ட் என்னவென்று கேளுங்கள். சிறுநீர் எந்த வழியாக வெளியே வருகிறதோ அந்த வழியாகவே ஒரு மெல்லிய குழாயை உள்ளே விடுவார்கள். இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் பக்கிரிசாமி கரண்டியாவது கிரண்டியாவது என்று கப்பலேறி ஓடியிருப்பார். டாக்டர் சொல்லத்தான் செய்தார், இவர்தான் மீசையைத் தடவிக்கொண்டிருந்த சுவாரசியத்தில் காதில் வாங்கவில்லை. குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் உள்ளே போகும். பை நிறைய நிறைய, அது துடிக்கிறதா, சும்மா இருக்கிறதா என்று பெட்டியில் கோடு கோடாக வரும். நர்ஸ் நூருல் ஹுதா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார்.

"அங்கிள், இப்ப ஏதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

"இப்ப? போகணும்போல இருக்கா?"

"இல்ல."

இருந்தது. ஆனால் இல்லை என்பது ஏற்கெனவே எடுத்த முடிவு. பக்கிரிசாமி கூரையைப் பார்த்தார். தண்ணீரே இல்லாத விஷயங்களாக நினைக்க முயன்றார். சிமெண்டு மூட்டை, அப்பளம், பழைய செங்கல். நர்ஸ் "இருமுங்க" என்றார், இருமினார். அடுத்து நர்ஸ் வேண்டுமென்றே பக்கத்தில் கைகழுவும் குழாயைத் திறந்துவிட்டார். அட சாமி! வீட்டில் என்றால் பக்கிரிசாமி இந்நேரம் ஓட்டமெடுத்திருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஆச்சரியத்தைக் கேளுங்கள். பெட்டியில் கோடு அசையவே இல்லை! முகத்தை வேண்டுமானால் மனிதன் மறைக்கலாம், அந்தக் கோட்டை யாரும் மறைக்க முடியாது. வீட்டில் பாத்திரத்தை எல்லாம் போட்டு உடைக்கும் பிள்ளை வாத்தியாரைப் பார்த்ததும் கை கட்டி நிற்குமே, அதுபோல அவருடைய மூத்திரப்பை அந்த அறையில் அப்படி ஒரு ஒழுக்கத்தோடு நடந்துகொண்டது. பக்கிரிசாமிக்கே நம்ப முடியவில்லை.

டாக்டர் பிரேமா கிராப்பை மேசையில் விரித்தார்.

"அங்கிள், ரொம்ப நல்லா இருக்கு. எந்தத் துடிப்பும் இல்ல."

"பாத்தியா!" என்று துள்ளினார் பக்கிரிசாமி.

"இருங்க. இது இங்க, இந்தக் கொஞ்ச நேரத்துல நடந்தது மட்டும்தான். உங்க வீட்ல, கடையில, கார்ல என்ன நடக்குதுன்னு இந்த மெஷினுக்குத் தெரியாது. சில பேருக்கு கிராப் படுமோசமா வரும், ஆளு நிம்மதியா இருப்பாரு. சில பேருக்கு கிராப் அழகா வரும், ஆளு படாத பாடு படுவாரு. நான் கிராப்புக்கு மருந்து குடுக்குறதில்ல அங்கிள், ஆளுக்குத்தான் குடுக்குறேன். அதனால உங்க வாயால நீங்க சொல்லணும். கஷ்டம் இருக்கா?"

பக்கிரிசாமி வாயைத் திறந்தார். சிவப்பு நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

"ஒரு கஷ்டமும் இல்ல டாக்டர்."

"அப்ப எனக்கு இங்க வேலையில்ல" என்று டாக்டர் சிரித்தார். சிரித்தாலும் கண் ருக்குமணி பக்கம் போனது. ருக்குமணி மெதுவாகத் தலையை ஆட்டினாள். அவர் வாயால் வர வேண்டும், அவ்வளவுதானே என்று அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம். பக்கிரிசாமி அதைக் கவனிக்கவில்லை. கிராப்பைச் சுருட்டாமல் கசக்காமல் கையில் ஏந்திக்கொண்டு நேரே ஒரு ஸ்டேஷனரிக் கடைக்குப் போய் லேமினேட் பண்ணிவிட்டார். பட்டம் வாங்கிய மகனின் படத்துக்குக்கூட அவர் அத்தனை செய்ததில்லை.

"ரொம்ப சந்தோஷம்ங்க" என்றாள் ருக்குமணி. "நான்தான் வீணா பயந்துட்டேன். உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. சனிக்கிழமை பாலம் தாண்டி தாசேக் கெலுகோர் போயிட்டு வருவோமா? தங்கச்சி ரொம்ப நாளா கூப்பிடுறா."

போன வருஷம் முழுக்க இந்தப் பயணத்தை ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தவர் அவர். இப்போது என்ன சொல்லித் தட்டுவது? கிராப் ஹாலில் தொங்குகிறதே.

"போவோம்" என்றார், கொஞ்சம் ஈனஸ்வரத்தில்.

கொழுந்தியாள் லோகேஸ்வரி வீட்டில் விருந்து தடபுடல். சாப்பாடு முடிந்ததும் தர்பூசணி வந்தது. தர்பூசணி போனதும் பார்லி தண்ணீர் வந்தது. பார்லி தண்ணீர் இறங்குவதற்குள் பெரிய குவளையில் தேநீர் வந்தது.

"போதும்மா லோகா."

"என்ன மாமா இது, அக்கா சொன்னா உங்களுக்கு இப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லன்னு. குடிங்க லா!"

குடித்தார். கிளம்பும் நேரம் மெதுவாகப் பின்கட்டுப் பக்கம் நகர்ந்தார். ருக்குமணி கார்ச் சாவியோடு வாசலில் நின்றாள்.

"எங்க போறீங்க?"

"சும்மா... கை கழுவ."

"இப்பத்தானே போயிட்டு வந்தீங்க? மெஷினே சொல்லிருச்சு உங்களுக்கு எவ்வளவு வேணும்னாலும் தாங்கும்னு. ஏறுங்க, ஜாம் ஆயிரும்."

லோகேஸ்வரியும் அவள் வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன செய்வார்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினார். ருக்குமணிதான் ஓட்டினாள்.

பினாங்குப் பாலத்தில் ஏறியதும் கார்கள் நின்றுவிட்டன. சனிக்கிழமை சாயங்காலம், பள்ளி விடுமுறை வேறு. முன்னால் பார்த்தால் சிவப்பு விளக்கு, பின்னால் பார்த்தால் சிவப்பு விளக்கு. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கடல். அதோ தெரிகிறது தீவு. ஆனால் நடுவில் எத்தனை கார்! பாலத்தில் இறங்க வழியில்லை, ஏற வழியில்லை, ஓடிப்போக அவருக்குத் தெரிந்த கழிப்பறை ஒன்றுகூட இல்லை.

அவருக்கு வந்தது.

முதலில் கால்மேல் கால் போட்டார். பிறகு மாற்றிப் போட்டார். சிமெண்டு மூட்டையை நினைத்தார், அப்பளத்தை நினைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"ஏசி கூட்டட்டுமா?" என்றாள் ருக்குமணி.

"வேணாம்."

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"ருக்கு!"

"என்னங்க?"

"என்னால முடியல ருக்கு."

"என்ன முடியல?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காத."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் மெஷினா?"

கார் ஓர் அங்குலம் நகர்ந்து மறுபடி நின்றது. பக்கிரிசாமி கண்ணை மூடிக்கொண்டார். அழுகிற மாதிரி ஆகிவிட்டது அவர் குரல்.

"இருக்கு ருக்கு. எனக்கு இருக்கு. ரொம்ப நாளா இருக்கு. வந்தா தாங்க முடியல. மெஷின் ஏன் அப்படிச் சொல்லிச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன். சொன்னா கரண்டிய வாங்கிருவாங்க. அந்த நாற்காலில உக்கார வச்சிருவாங்க. நான் கிழவனாயிட்டேன்னு எல்லாரும்..."

ருக்குமணி ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து அவர் முழங்காலில் வைத்தாள்.

"இத சொல்ல இவ்வளவு நாளா? நான் யாருங்க உங்களுக்கு? பக்கத்து வீட்டுக்காரியா?"

"வெக்கமா இருந்துச்சு."

"ராத்திரி நீங்க எந்திரிச்சுப் போறப்பல்லாம் நானும் முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருப்பேன். விழுந்துருவீங்களோன்னு. அந்தப் பயத்த நான் எந்த மெஷின்ல காட்டுறது?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி, பின் சீட்டுக்கு அடியில பாருங்க. ஒரு பை இருக்கும்."

எட்டி எடுத்தார். உள்ளே ஒரு கைலி. கைலிக்குள், பந்தலுக்குச் சிராப் வாங்கி வரும் பெரிய பிளாஸ்டிக் ஜாடி ஒன்று, கழுவித் துடைத்து, மூடியோடு.

பக்கிரிசாமி ஜாடியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"இத எப்ப எடுத்து வச்ச?"

"அதெல்லாம் அப்புறம். கைலிய மேல போட்டுக்குங்க." அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பக்கத்து லாரிக்காரன் எட்டிப் பார்த்தபோது ஹார்ன் அடித்து அவனை வேறு பக்கம் பார்க்க வைத்தாள்.

தீவு வந்து சேர்ந்தபோது பக்கிரிசாமி தேசிங்கு ராஜன் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் அவரை அரித்தது.

"ஆமா, இன்னைக்கு ஜாம் இல்லாம இருந்திருந்தா?"

"சனிக்கிழமை சாயங்காலம் பாலத்துல என்னைக்குங்க ஜாம் இல்லாம இருந்திருக்கு?" என்றாள் ருக்குமணி. "திங்கக்கிழமை காலையில டாக்டர் பிரேமாகிட்ட அப்பாயின்மெண்ட். டெஸ்ட் பண்ண அன்னைக்கே போட்டுட்டேன்."

திங்கட்கிழமை பக்கிரிசாமி எல்லாவற்றையும் சொன்னார். பசார், கல்யாண வீடு, சிமெண்டு மூட்டை, ஜாடி வரைக்கும். டாக்டர் கிராப்பைத் திரும்பக்கூடப் பார்க்கவில்லை. மாத்திரை எழுதினார். தேநீரைக் குறைக்கச் சொன்னார். வந்ததும் ஓடாமல், நின்று, மூச்சை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். உடனே சரியாகிவிடவில்லை. ஆனால் மீன் வாங்கி, வெட்டி, வீட்டுக்கு எடுத்து வரும் வரை ஒரு ஓட்டமும் இல்லாமல் ஒரு நாள் வந்தது. அன்று மீனை மேசையில் வைத்துவிட்டு, "ருக்கு, நேரா வந்துட்டேன்" என்றார். அவள் அன்று பாயசம் வைத்தாள்.

தைப்பூசம் வந்தது. தண்ணீர்மலைச் சாலை முழுக்க மேளம், பாட்டு, கற்பூர வாசனை. பந்தலை இந்தத் தடவை காஜா மொய்தீன் வீட்டு வாசலில் போட்டிருந்தார்கள். பக்கிரிசாமியோடு தொழிற்சாலையில் வேலை செய்தவர். "பின்னால கதவு திறந்தே இருக்கும்ணே, எப்ப வேணும்னாலும் போங்க, வாங்க. ருக்குமணி அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க" என்றார் காஜா மொய்தீன், கண்ணைச் சிமிட்டி.

பக்கிரிசாமி முன்வரிசையில் நின்றார். கையில் கரண்டி. பின்னால் பையன்கள் தொட்டியில் தண்ணீரைச் சளசளவென்று ஊற்றினார்கள். நின்றார், மூச்சை விட்டார், ஊற்றிக்கொண்டே இருந்தார். வியர்த்து வழிந்து வந்த ஒருவன் குவளையை வாங்கிக் குடித்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தான். போதும், ஜன்ம சாபல்யம்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"சுகு, கமிட்டிக்கு அந்தப் பேப்பர் குடுக்கணுமே. கிராப் நல்லா இருக்குன்னு ஒண்ணு லேமினேட் பண்ணி வச்சிருக்கேன்."

சுகுமாரன் ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தான். "என்ன பேப்பர் மாமா?"

"நீதானே வீட்டுக்கு வந்து கேட்ட? கமிட்டி முடிவுன்னு!"

"ஓ, அதுவா?" சுகுமாரன் அக்காளைப் பார்த்து அசடு வழிந்தான். "அந்த முடிவு எடுத்த கமிட்டில நானும் அக்காவும் மட்டும்தான் மாமா. அக்கா சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். அப்பத்தான் நீங்க டாக்டர்கிட்ட போவீங்கன்னாங்க."

பக்கிரிசாமியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். ருக்குமணி ஒன்றும் அறியாதவள்போலக் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப கரண்டிய யாரும் வாங்கப் போறதா இல்ல?"

"உங்ககிட்ட இருந்து அத வாங்க யாருக்குங்க தைரியம் இருக்கு?"

"குழாய் எல்லாம் விட்டாங்களே ருக்கு!"

"பாவம்தான். வாயத் தொறந்து சொல்லியிருந்தா அது தேவையே பட்டிருக்காது."

பக்கிரிசாமிக்குக் கோபம் வர வேண்டும். வந்த கோபம் பாதி வழியிலேயே சிரிப்பாக மாறிவிட்டது. இருந்தாலும் ஆம்பிளை அல்லவா, விட்டுக்கொடுக்க முடியுமா? கரண்டியை ஆட்டிக்கொண்டு, "அந்த கிராப்ப எங்க வச்ச? காலையில ஹால்ல காணோம். எடு, நாலு பேரு பாக்கட்டும், மெஷின் என்னைப் பத்தி என்ன சொல்லுச்சுன்னு!" என்றார்.

ருக்குமணி பின்னால் நிரப்பி வைத்திருந்த அடுத்த சிராப் பானையைக் காட்டினாள்.

"ஈ விழாம அத வச்சுத்தாங்க மூடியிருக்கேன், நல்லவேளை லேமினேட் பண்ணீங்க."